அளவுக்கு ஒரு ஆள்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி தன்பாட்டில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டியது. "ஒரு வருடத்துக்கு முன்பு இதே நாள்" என்று மேலே எழுத்து. கூடவே யாரும் கேட்காத ஒரு பாட்டு. படத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டைப்பின், வாயைத் திறந்தபடி புல்தரையில் நிற்கிறது. இந்தியாவில் இதை ஊக்கு என்பார்கள். அதன் அடியில் ஒரு பெண், என் சுண்டுவிரல் நகமளவுக்கு.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அது.

"என்னப்பா பாட்டுச் சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஐம்பத்தொன்பது வயது மனுசன், சீனிப்போத்தலுக்குள் கைவிட்டுப் பிடிபட்டவன் மாதிரி நின்றேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கப்போகிற உங்களுக்கு நடந்ததில் பாதி தெரியும். தெரிந்ததை நீங்கள் நன்றாகவே பேசியும் இருக்கிறீர்கள். மற்றப் பாதி என்னுடையது. அதை நான் இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணை இங்கே மதி என்று எழுதுகிறேன், அது அவளுடைய பெயரல்ல. எழுதலாமா என்று இந்தமுறை அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றாள்.

2

கெல்சென்கிர்ச்சனில் நான் பேருந்து ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஜெர்மன்காரருக்குச் சுற்றுவட்டத்தின் நடு வெறுமையாகக் கிடந்தால் பொறுக்காது. எதையாவது பெரிதாகச் செய்து அதில் நிறுத்தியே ஆகவேண்டும். ஓரிடத்தில் ஆறாள் உயரப் பூவாளி. இன்னோரிடத்தில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு, அதற்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கால்கள் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடக்கும் ஒரு நீலப் பசு, அது ஏன் என்று எவருக்கும் தெரியாது. இவற்றை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை சுற்றுவேன். நிறுத்தி இறங்கிப் பார்க்க ஏலாது.

ஒருநாள் தொலைபேசியில் ஒரு காணொளி வந்தது. ஜப்பானில் யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போய், தெருவோரத்தில் நிற்கும் பிரமாண்டமான நண்டு, கத்தரிக்காய், தவளை எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். "அட, உது எங்கட ஊரிலையும் கிடக்குதே" என்றேன். என் வாயில் எங்கட ஊர் என்று வந்தது கெல்சென்கிர்ச்சனைத்தான். மனைவி ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஓய்வு நாளென்றால் இதுதான் வேலை. ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. ஆறாள் உயரப் பூவாளியைத் தனியாக எடுத்தால் படத்தில் அது சாதாரணப் பூவாளிதான். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அதன் பருமன் தெரியும். முதலில் மனைவியை நிறுத்தினேன். அவளைப் பூவாளியின் அடியில் விட்டுவிட்டு, முழுவதும் சட்டத்துக்குள் வரும்வரை பின்வாங்கிக்கொண்டே போவேன். படத்தைக் காட்டினால், "இதிலை நான் எங்கை? உந்தக் கறுப்புப் புள்ளியோ?" என்பாள். பதினொரு படத்தோடு முழங்காலைக் காரணம் காட்டி விலகிவிட்டாள்.

ஒருமுறை அப்படிப் பின்வாங்கி ஒரு வீட்டு வேலிக்குள் விழுந்தேன். வீட்டுக்காரக் கிழவர் ஓடிவந்தார். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பதற்றத்தில் என் ஜெர்மன் பாதி பறந்துவிட்டது. "நான் பெரிய பெரிய இரும்புச் சாமான்களைச் சேர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பழைய இரும்பு திருடுகிற கூட்டம் என்று நினைத்துப் பொலிஸைக் கூப்பிடப் போனார். படங்களைக் காட்டித்தான் தப்பினேன். இந்தக் கதையை வாட்ஸ்அப்பில் ஊர்க்குழுவில் எழுதியபோது நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அது எனக்கு நல்ல உசாராக இருந்தது. அதன்பிறகு வாரத்துக்கு ஒரு படம் போடுவேன். ஊர், கனடா, லண்டன் எல்லாப் பக்கத்திலிருந்தும் இதயங்கள் வரும். அவற்றை எண்ணிப் பார்ப்பேன். ஓம், எண்ணினேன்.

3

மதி எங்கள் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள். ஊரிலும் அவர்களுடைய வளவுக்கும் எங்களுடைய வளவுக்கும் ஒரே வேலிதான். நாற்பத்தேழு வயது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, கொடுமையான வேலை, ஆனால் வாய் நிறையப் பகிடி.

அப்போது அவளுடைய கணவர் பிரிந்துபோய் மூன்று வருடம். சட்டப்படியும் எல்லாம் முடிந்திருந்தது. வக்கீலிடம் முதல் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்ததிலிருந்து கடைசிக் கடிதத்தைக் கோப்பில் போட்டதுவரை கூடவே போனது என் மனைவிதான். இங்கே எங்கள் கட்டடங்களில் இருக்கிற தமிழருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. முக்கியமாக அவளுடைய ஐயாவுக்குத் தெரியாது. எண்பத்திரண்டு வயது, தாய் இல்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்த மனுசன். அந்தக் கலியாணத்தைத் தேடிப் பேசிச் செய்துவைத்ததும் அவர்தான்.

ஞாயிறு காலையில் ஐயாவோடு வீடியோவில் பேசுவதற்குமுன் மதி அலுமாரியைத் திறந்து தாலிக்கொடியை எடுத்துப் போடுவாள். பொட்டு வைப்பாள். "அவர் வேலைக்குப் போட்டார் ஐயா" என்பாள். பேசி முடிந்ததும் கழற்றி உள்ளே வைப்பாள்.

"ஃபோனிலை சொல்லுற விசயமில்லை அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். "நேரை போய், ஐயாவின்ரை பக்கத்திலை இருந்து, அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவன்." கார்த்திகை மாதத்துக்கு விடுமுறை அன்ட்ராக்கும், அதாவது விண்ணப்பமும், எழுதிக் கொடுத்து, அனுமதியும் வந்திருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு ஒரு பொய் சொல்லலாம். தெரியும். எல்லாம் தெரியும்.

படம் எடுத்த சனிக்கிழமை, காலை வேலை முடிந்து அவள் எங்களோடு காரில் வந்தாள். முக்கால் மணி நேர ஓட்டம், ஒரு சின்னப் பட்டணம். அங்கே முன்பு ஓர் உடுப்புத் தொழிற்சாலை இருந்ததாம். அதன் நினைவுக்கு அந்தச் சட்டைப்பின்னை நிறுத்தியிருந்தார்கள். கண்டதும் மதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணை, உவ்வளவு பெரிய பின்னை எந்தக் கொடியிலை கொழுவிறது?"

எங்கள் பெண்களின் தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு மூன்று சட்டைப்பின் தொங்கும். சேலை விலகினால், பிள்ளையின் பொத்தான் அறுந்தால், அவசரத்துக்கு அங்கிருந்துதான் கழற்றுவார்கள். நாங்கள் மூன்றுபேரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் தூரப் போனேன். அவள் கழுத்தில் சுற்றியிருந்த சாம்பல் நிறச் சால்வை அந்த இரும்போடு கலந்துவிட்டது. ஆள் எடுபடவில்லை.

"மதி, சால்வையைக் கழட்டு!" என்று கத்தினேன்.

அவள் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. "வேண்டாமண்ணை, கழுத்து…"

"ஆர் உன்ரை கழுத்தைப் பாக்கப் போயினம்? இஞ்சையிருந்து பாக்க நீ ஒரு பொட்டளவுதான்!"

கழற்றினாள். நான் இன்னும் நாலடி பின்வாங்கி எடுத்தேன்.

4

அவ்வளவு சின்னதாய்த் தெரிகிற ஆளை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வேறு யாராவது அப்படி நினைத்திருந்தால் மன்னிக்கலாம். நான் நினைத்திருக்கக் கூடாது.

நான் பெடியனாக இருந்த காலத்தில் எங்கள் சித்தப்பா லண்டனிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பின்னால் பெரிய மணிக்கூண்டு, பாலம், ஆறு, எல்லாம் இருந்தது. படத்தை அம்மா யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனா. பெரியம்மா வந்தா, பக்கத்து வீட்டார் வந்தார்கள். மணிக்கூண்டை ஒருவரும் பார்க்கவில்லை. "கழுத்தெலும்பு தெரியுது, ஒழுங்காச் சாப்பிடுறானில்லை" என்றா அம்மா. "சப்பாத்து அவன்ரை இல்லைப் போல, பெரிசாக் கிடக்கு" என்றா பெரியம்மா. சித்தப்பா படத்தில் ஒரு நெருப்புக்குச்சி அளவுகூட இல்லை.

எங்கள் சனம் படம் பார்ப்பது அப்படித்தான். இப்போது இரண்டு விரலால் விரித்தும் பார்க்கலாம்.

திங்கள் காலை வேலைக்குப் போகுமுன் குழுவில் படத்தைப் போட்டேன். பத்து மணிக்குள் இதயங்கள் மளமளவென்று ஏறின. எங்களுக்குப் படிப்பித்த ஓய்வுபெற்ற அதிபர், "தம்பிக்கு நல்ல கலைக்கண்" என்று எழுதியிருந்தார். நாற்பது வருடத்துக்கு முன்பு என்னை மொக்கன் என்று சொன்ன அதே வாய். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அதற்குக் கீழே கனடாவிலிருந்து ஒரு பெண், "உது எங்கட மதியெல்லோ?" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர்: "பின் வடிவாத் தெரியுது. கொடியைத்தான் காணேல்லை." அதோடு நாலு சிரிக்கிற முகங்கள். பிறகு, இரண்டு மணியளவில், யாரோ என் படத்தை வெட்டிப் பெருப்பித்து, மதியின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முகம் கலங்கலாக இருந்தது. கழுத்து வெறுமையாக இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

5

பன்னிரண்டே காலுக்கு மதி அழைத்தாள். நான் கடைசித் தரிப்பில் பேருந்தை நிறுத்தி, பன்னிரண்டு நிமிட இடைவேளையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, அந்தப் படத்தை உடனை எடுங்கோ. ஐயாவின்ரை பக்கத்து வீட்டுக்காரரும் அந்தக் குழுவிலை நிக்கினம்." அவளுடைய குரல் மெதுவாக இருந்தது. வேலை இடத்தில் யாருடைய அறையிலோ நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது.

"ஓம் ஓம், இப்பவே எடுக்கிறன். நீ பயப்பிடாதை."

குழுவைத் திறந்தேன். அழிப்பதற்கு இரண்டு தடவை தட்டவேண்டும், அவ்வளவுதான். என் விரல் அதன்மேல் இருந்தது. அப்போது அதிபர் இன்னொன்று எழுதினார்: "இதைப் பெரிதாக அச்சிட்டுப் பாடசாலை நூலகத்தில் மாட்டலாம்." நான் அதற்குப் பதில் எழுதத் தொடங்கினேன். மரியாதையாக எழுதவேண்டுமே என்று இரண்டுமுறை திருத்தினேன். பதில் எழுதுவதற்குப் படம் அங்கே இருக்கவேண்டும். அழித்துவிட்டால் எதற்கு நன்றி சொல்வது? பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் செய்யலாம் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் பிள்ளைவண்டியோடு ஒரு பெண் ஏறினாள். அதற்கடுத்ததில் நேரமில்லை. இப்படிச் சாட்டுச் சொல்லிச் சொல்லி, வேலை முடிந்து உடுப்பு மாற்றியபிறகு, நாலரைக்குத்தான் அழித்தேன். அழிக்குமுன் இதயங்கள் எத்தனை என்று ஒருதரம் பார்த்தேன்.

அதோடு விட்டேனா? இல்லை. மூளை இருக்கிறவன் செய்யாத வேலை ஒன்றும் செய்தேன். "அந்தப் படத்தில் நிற்பது மதி இல்லை, இங்கே வேறொரு தமிழ்ப் பெண்" என்று குழுவில் எழுதினேன். ஒரு நிமிடத்தில் கனடாவிலிருந்து பதில் வந்தது: "அப்ப ஏன் அழிச்சனீங்கள்?" கொஞ்சநஞ்சம் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் நானே உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் மதி வீட்டுக்கு வந்தாள். வேலை உடுப்போடே வந்திருந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள் அண்ணை?"

"நீ சொன்ன உடனையே எடுத்திட்டன்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் மத்தியானம் முழுக்க ஃபோனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒரு அம்மாவுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டு பாத்தன். மற்ற அம்மாவைக் குளிப்பாட்டிப்போட்டுப் பாத்தன். இப்ப எடுப்பார், இப்ப எடுப்பார் எண்டு. மூண்டு மணிக்கு ஐயாவுக்குக் காட்டிப்போட்டினம்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "விசர் மனுசா" என்றாள்.

ஐயா அந்த ஞாயிறு அழைப்பை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. "அவள் எனக்கு நாடகம் காட்டினவள். வரத் தேவையில்லை" என்று தன்னுடைய தம்பி மூலம் சொல்லியனுப்பினார். கார்த்திகை விடுமுறையை மதி திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நாட்களிலும் வேலைக்குப் போனாள்.

6

எங்கள் மகள் டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளராக இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அழைப்பாள். என் தமிழில் பாதி அவளுக்குப் பிடிபடாது, அவள் ஜெர்மனில் பாதி எனக்குப் பிடிபடாது. ஆனால் தாய் சொல்லி இந்தக் கதை முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா, மதி அன்ரியிட்ட கேட்டனீங்களா? ஐன்வில்லிகுங் இல்லாம எப்பிடிப் போடலாம்?"

ஐன்வில்லிகுங் என்றால் சம்மதம். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து வருடா வருடம் ஒரு கடிதம் வரும்: உங்கள் பிள்ளையைப் படம் எடுக்கலாமா, சுவரில் ஒட்டலாமா, இணையத்தில் போடலாமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, கீழே கையெழுத்து. "கண்டறியாத கடுதாசி, ஒரு படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ" என்று புறுபுறுத்தபடி வாசிக்காமலே எல்லாப் பெட்டிக்கும் புள்ளடி போட்டுக் கொடுப்பேன்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, "என்ரை படத்தை உங்கட ஆக்களுக்கு அனுப்பாதேங்கோ" என்றாள். உங்கட ஆக்கள். எனக்கு அந்தச் சொல் சுட்டது. பிள்ளை வெள்ளைக்காரியாகிவிட்டாள், எங்களைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். அதன்பிறகுதான் அவள் தன் அறைக் கதவைச் சாத்தத் தொடங்கினாள். இப்போது யோசித்தால், அவள் கேட்டது ஒரேயொரு விஷயம்தான். என்னிடம் கேள், கேட்டுவிட்டுச் செய் என்றாள்.

"கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன். "அவள் வேண்டாமெண்டு சொல்ல வந்தவள். நான் கத்திப்போட்டன்."

"அன்ரியிட்ட இதைச் சொன்னனீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. ஒரு வருடமாகச் சொல்லவில்லை. மாடிப்படியில் மதியைக் கண்டால் "சுகமோ" என்பேன், அவளும் "ஓமண்ணை" என்பாள். அவள் மீன் பொரித்தால் எங்களுக்கும் ஒரு தட்டு வரும். அந்த மீனை நான் எப்படித் தின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். படம் எடுப்பதையும் விட்டுவிட்டேன். இப்போதும் அந்த நீலப் பசுவைச் சுற்றுகிறேன், அதைப் பார்க்காமல் சுற்றுகிறேன்.

7

தொலைபேசி அந்தப் படத்தைக் காட்டிய ஞாயிறுக்குப் பிறகு, வியாழன் பின்னேரம் மதி வந்தாள். இந்தமுறை கதிரையில் இருந்தாள்.

"ஐயாவே ஃபோன் எடுத்தவர்" என்றாள்.

என் மனைவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வீட்டு விறாந்தைச் சுவரிலை எங்கட கலியாணப் படம் கொழுவிக்கிடந்ததெல்லோ. அதைக் கழட்டிப்போட்டாராம். ஆணி மட்டும் தனியாக் கிடக்குதாம். ஒரு வருசமா அந்த ஆணியைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறாராம். 'உந்த வீடியோவிலை வேசம் போட்டுக்கொண்டு வாறதை இனி விடு. எல்லாரும் உன்ரை கழுத்தைத்தான் எனக்குக் காட்டினவை, முகத்தை ஒருத்தரும் காட்டேல்லை. நீ இருக்கிற மாதிரியே ஒரு படம் கொண்டு வா' எண்டவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கார்த்திகைக்குப் போறன் அக்கா."

பிறகு மதி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்தான் எடுத்துத் தரோணும் அண்ணை. அதே இடத்திலை."

"நானோ? ஸ்டூடியோவிலை வடிவா எடுப்பினமே மதி. நான்…" பிறகு ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அண்டைக்கு நீ சொன்ன உடனை நான் அந்தப் படத்தை அழிக்கேல்லை. அதிபருக்குப் பதில் எழுதிக்கொண்டு இருந்தனான். பெருமைக்கு வைச்சிருந்தனான். பிறகு உனக்குப் பொய்யும் சொன்னனான்."

"தெரியும் அண்ணை. அதிபருக்கு நீங்கள் எழுதினதையும் நான் வாசிச்சனான்தானே" என்றாள். "ஐயா அந்தப் படத்தைத்தான் ஒரு வருசமா மனசிலை வைச்சிருக்கிறார். அதே இடத்திலை எடுத்தாத்தான் அது அழியும்."

சனிக்கிழமை போனோம். மனைவி காரிலேயே இருந்துவிட்டாள். மதி ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். சால்வை இல்லை, பொட்டு இல்லை. போய் அந்தச் சட்டைப்பின்னின் அடியில் நேராக நின்றாள். இருபது வருடமாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிற பெண். அவளுடைய இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"எடுக்கட்டோ மதி?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, எடுங்கோ."

தொலைபேசியைத் தூக்கினேன். திரையில் பின்னின் தலை வெட்டுப்பட்டது. என் கால்கள் எனக்குத் தெரியாமலே ஓரடி பின்வைத்தன, பிறகு இன்னோரடி.

"அண்ணை" என்றாள் மதி. "தூரப் போகாதேங்கோ."